கடைசி நாள் முதல் அமர்வு

மாநாட்டு அரங்கின் வாசலில் கையில் கொடுக்கிற நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால், யாரோ உட்கார்ந்து செய்தது என்றே தோன்றாது. ரயில் அட்டவணை மாதிரி, தானாகவே இருந்து வருவது போலிருக்கும். எந்த அறை, எத்தனை மணி, யாருக்குப் பிறகு யார் என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும். தென்கிழக்கு ஆசிய ஆய்வு மாநாட்டின் கட்டங்களை மட்டும் சில ஆண்டுகளாக ஒரே ஆள்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை எல்லோரும் அண்ணி என்பார்கள்.

பல்கலைக்கழகத்தில் பழைய துறைமுக நகரங்களைப் பற்றிப் பாடம் எடுப்பவள் அவள். அவளுடைய நாத்தனார் அதே துறையில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது, வீட்டில் கூப்பிடுவது போலவே தாழ்வாரத்திலும் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள். ஒரு பருவம் முடிவதற்குள் அலுவலகக்காரர்கள், மாணவர்கள், பக்கத்துத் துறைக்காரர்கள் என்று ஊருக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். வயதில் மூத்தவரான துறைத் தலைவர்கூட ஒரு கூட்டத்தில் வாய் தவறி, "இப்ப அண்ணி சொன்ன மாதிரி" என்று ஆரம்பித்துவிட்டு, மேற்கொண்டு என்ன சொல்ல வந்தார் என்பதையே மறந்து உட்கார்ந்தார்.

நாத்தனாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஐஸ்காரி. வைத்தவர் அவளுடைய அண்ணன், அதாவது அண்ணியின் கணவர். அவர் பல் மருத்துவர்.

"ஐஸ் திங்காதீங்க, பல்லு கூசும்னு சொல்லி நான் பொழப்பு நடத்தறேன்," என்பார் வருகிறவர்களிடம். "என் தங்கச்சி அந்த ஐஸை வெச்சே டாக்டர் பட்டம் வாங்கிட்டா."

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் செய்த வேலை எளிதானதல்ல. தென்கிழக்கு ஆசியாவின் மீன்பிடித் துறைமுகங்களில் ஒரு காலத்தில் இருந்த ஐஸ் தொழிற்சாலைகளைப் பற்றியது அது. மீன் கெடாமல் இருந்தால்தான் படகு தூரம் போக முடியும். படகு தூரம் போனால்தான் கரையில் சந்தை பெருகும், கூலிக்கு ஆள் வரும், ஊர் வளரும். ஆகவே ஐஸ் எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், அந்த ஊரின் பிறப்பையே கேட்ட மாதிரி. ஒவ்வொரு நாட்டு வரலாற்றாசிரியரும் தன் நாட்டுக்கு ஐஸ் வந்த கதையைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார். ஐஸ்காரி வேறு மாதிரி போனாள். மூன்று நாடுகளின் துறைமுகங்களில் துருப்பிடித்துக் கிடந்த ஐஸ் அச்சுப் பெட்டிகளைத் தேடிப் பிடித்து, டேப் வைத்து அளந்தாள். கொடி வேறு, மொழி வேறு, பெட்டியின் அளவு ஒன்று. சில மெக்கானிக் குடும்பங்கள் அந்தக் கடலைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே கையால் தொழிற்சாலை போட்டுக் கொடுத்திருக்கின்றன என்பதுதான் அவள் கண்டது. மூன்று வரலாறாக இருந்ததை அவள் ஒன்றாக்கினாள்.

அந்த ஆண்டு மாநாட்டோடு ஒரு வேலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓர் ஆய்வு நிறுவனம், மாநாட்டில் கட்டுரை படிக்கும் இளம் ஆய்வாளர் ஒருவருக்கு இரண்டு ஆண்டு முழுநேர ஆய்வுப் பணி தருவதாக அறிவித்திருந்தது. புத்தகம் எழுதி முடிக்க இரண்டு ஆண்டு. அதற்குப் பிறகு எந்தக் கதவையும் தட்டலாம். 'இளம்' என்பதற்கு இந்த உலகத்தில் வயது கணக்கில்லை. முனைவர் பட்டம் வாங்கி ஏழு ஆண்டு தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஐஸ்காரிக்கு ஏழாவது ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வகுப்பெடுத்துக்கொண்டு, பேருந்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தாள்.

"இது கிடைக்கலேன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து நான் இளம் ஆய்வாளர் இல்ல அண்ணி," என்றாள். "மூத்த ஆய்வாளரும் இல்ல. நடுவுல இருக்கறவளுக்கு என்ன பேருன்னு எங்கேயும் போடல."

"கிடைக்கும். எழுது," என்றாள் அண்ணி. மனதாரத்தான் சொன்னாள்.

கட்டுரைச் சுருக்கங்கள் வந்து குவிந்தன. இவற்றைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டியும் ஒரு முறையும் உண்டு; அண்ணி அந்தக் கமிட்டியில் இருந்தாள். முதலில் பெயர்களை எடுத்துவிடுவார்கள். யார் எழுதியது என்று தெரியாமல் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போடுவார்கள். ஆனால் பெயரை எடுத்தாலும் கை தெரியும். ஐஸ் பெட்டியை அளப்பவள் உலகத்தில் ஒருத்திதான். அண்ணி அந்தத் தாளைப் பார்த்ததுமே நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"இது என் நாத்தனாரோடது. நான் வெளியில இருக்கேன். நீங்க பாருங்க."

அதுதான் விதி, அவள் செய்ததும் சரி. அவள் இல்லாமலே அந்தச் சுருக்கம் எல்லோரையும்விடக் கூடுதல் மதிப்பெண் வாங்கியது. அதோடு விதி முடிந்துவிடுகிறது. தேர்வானவர்களை எந்த நாளில், எந்த அறையில், யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதற்கு விதி எதுவும் கிடையாது. துறைத் தலைவர் சொல்வது போல, "அது வெறும் நாற்காலி போடற வேலை."

வெறும் நாற்காலி போடுகிற வேலை அல்ல அது. சிலர் நான்கு பேராகச் சேர்ந்து, அமர்வை முழுசாகக் கட்டிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். அதில் தொல்லை இல்லை. மற்றவை தனிக் கட்டுரைகள். அவற்றை நான்கு நான்காகச் சேர்க்க வேண்டும். அண்ணி ஒவ்வொரு தலைப்பையும் ஒரு சீட்டில் எழுதிப் பரப்பிக்கொள்வாள். சேர்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நாடு வாரியாக அடுக்குவது. அதற்கு மூளை வேண்டாம். யாரும் குறை சொல்லவும் முடியாது. இன்னொன்று, விஷயம் வாரியாக அடுக்குவது. ஒரு நாட்டு உப்பளத்தையும் இன்னொரு நாட்டுச் சுங்கச் சாவடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று பேசும், அறை நிறையும்.

பிறகு நேரம். முதல் நாள் எல்லோரும் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேருக்குக் கண் சொக்கும். இரண்டாம் நாள் காலைதான் தங்கம். கடைசி நாள் காலையில் விடுதி அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு வருவார்கள், அதுவும் வந்தால்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க நிறுவனம் மூன்று மூத்தவர்களை அனுப்பும். மூன்று நாளும் கேட்டுவிட்டு முடிவெடுப்பார்கள் என்றுதான் அறிவிப்பு சொல்லும். நடப்பில், இரண்டாம் நாள் இரவு விருந்திலேயே பேசி முடித்துவிடுவார்கள். இது எங்கேயும் எழுதியிருக்காது. துறையில் எல்லோருக்கும் தெரியும். அண்ணிக்கும் தெரியும்.

சீட்டுகளை அடுக்கின அன்று துறைத் தலைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மேஜையில் ஒரு சீட்டு மட்டும் தனியாகக் கிடந்தது.

"இந்த ஐஸ் ஏன் தனியா கிடக்குது?"

"அதுக்கு இடம் பார்த்துட்டிருக்கேன் சார்."

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு? 'கடலும் கருவிகளும்' அமர்வுல ஒருத்தர் வர முடியலேன்னு எழுதிட்டாரே. ரெண்டாம் நாள் காலையில. அங்க வைங்க. அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்."

"வேண்டாம் சார்."

"ஏம்மா?"

"அது ரொம்ப நல்ல இடம்."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கட்டுரைக்கு நல்ல இடம். இதுல என்ன சிக்கல்?"

"அது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும். நான் வெச்சேன்னு பேச்சு வரும்."

"நான் வெச்சேன்னு சொல்லிக்கோங்க."

"நீங்க வெச்சாலும் நான் வெச்சதாத்தான் பேசுவாங்க சார்."

அவள் காரணமில்லாமல் பயப்படவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் தேநீர் நேரத்தில், புவியியல் பாடம் எடுப்பவர், எல்லோரும் வரைபடத்துக்காரர் என்று கூப்பிடுகிறவர், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணி கையில கமிட்டி, நாத்தனார் கையில பேப்பர். நமக்கெல்லாம் கை தட்டற வேலை." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இருபது வருடமாக யாருக்கும் அரை மதிப்பெண் கூடுதலாகப் போடாதவள் என்று பெயர் எடுத்தவள் அவள். அந்தப் பெயரில் ஒரு கீறல் விழுவதை அவளால் தாங்க முடியவில்லை.

ஐஸ்காரியின் சீட்டை எடுத்துக் கடைசி நாள் முதல் அமர்வில் வைத்தாள். ஒரு நாட்டின் துறைமுகங்கள் பற்றிய அமர்வு. அவள் அளந்த மூன்றில் ஒரு துறைமுகம் அந்த நாட்டில் இருந்தது. பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது. 'கடலும் கருவிகளும்' அமர்வில் காலியான இடத்துக்குப் படகு மோட்டார்களைப் பற்றி ஓர் இளைஞன் எழுதிய கட்டுரையை வைத்தாள். சுமாரான கட்டுரை.

"உங்க இஷ்டம்," என்றார் தலைவர். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்தத் துறை எங்கேயோ போயிருக்கும்."

அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது தானாகவே ஒரு புன்னகை வந்தது. பின்னாளில் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது அந்தப் புன்னகையைத்தான். தராசுத் தட்டில் கட்டைவிரல் வைத்து அழுத்தக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். எதிர்த் தட்டில் வைத்தாலும் அது கட்டைவிரல்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

ஐஸ்காரி அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே குடியிருந்தாள். நிகழ்ச்சி நிரல் மின்னஞ்சலில் வந்த மாலை, கைபேசியைப் பார்த்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். பல் மருத்துவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசி நாள் போட்டிருக்காங்களே அண்ணி."

"கமிட்டி அப்படி வெச்சிருக்கு," என்றாள் அண்ணி, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு.

"மத்த மூணு பேரும் ஒரே நாட்டைப் பத்திப் பேசறாங்க. என் பேப்பர்ல மூணு நாடு இருக்கு. மிச்ச ரெண்டு நாட்டைக் கதவுக்கு வெளிய நிறுத்திட்டா வர முடியும்?"

"வெளிய நிறுத்தாத," என்றார் பல் மருத்துவர். "வெயில்ல உருகிடும்."

"சும்மா இருண்ணா. அண்ணி, மாத்த முடியுமான்னு தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கறீங்களா? எனக்காகன்னு இல்ல, அது அந்த இடத்துப் பேப்பரே இல்ல."

"இப்ப ஒண்ணை இழுத்தா எல்லாக் கட்டமும் கலையும்மா."

எல்லாக் கட்டமும் கலையாது. இரண்டு சீட்டை இடம் மாற்றினால் போதும். அச்சகத்துக்கு இன்னும் அனுப்பியிருக்கவில்லை. அண்ணியைவிட அது யாருக்கு நன்றாகத் தெரியும். ஐஸ்காரி நிரலை இன்னொரு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு, "சரி, நல்லாப் பேசினா எந்த நாளா இருந்தா என்ன," என்று சொல்லிவிட்டு, அண்ணன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு மாடியேறிப் போனாள். அண்ணியின் வார்த்தையை அவள் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

மாநாட்டின் இரண்டாம் நாள் காலை, 'கடலும் கருவிகளும்' நடந்த அறையில் நிற்கவும் இடமில்லை. நிறுவனம் அனுப்பிய தேர்வாளர்கள் மூவரும் முன் வரிசையில் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் நரைத்த தலையுள்ள ஓர் அம்மாள். அந்தத் துறையில் அவர் பெயரைச் சொன்னால் குரல் தானாகத் தணியும். படகு மோட்டார் இளைஞன் பதற்றத்தோடு ஆரம்பித்து, போகப் போகச் சூடு பிடித்துப் பேசினான். மோட்டார் வந்ததும் படகுகள் கரை கண்ணில் படாத தூரம் வரை போக ஆரம்பித்தன என்றான். கேள்வி நேரத்தில் அந்த அம்மாள் கேட்டார்:

"அவ்வளவு தூரம் போய்ப் பிடிச்ச மீன் திரும்பி வர்ற வரைக்கும் எப்படிப்பா கெடாம இருந்துச்சு?"

இளைஞன் நேர்மையானவன். "அதை நான் இன்னும் பார்க்கலீங்க," என்றான்.

பின் சுவரோரம் நின்ற ஐஸ்காரி கையைத் தூக்கினாள். "அதை நாளைக்குக் காலையில நான் சொல்றேன். அஞ்சாம் நம்பர் அறை."

அறையே சிரித்தது. அந்த அம்மாளும் திரும்பிப் பார்த்துச் சிரித்து, கையிலிருந்த நிரலில் ஏதோ குறித்துக்கொண்டார். அண்ணி பக்கச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி இங்கே, பதில் நாளைக்கு அங்கே. நான்கு அடி இடைவெளியில் நடந்திருக்க வேண்டிய உரையாடலை அவள் ஒரு முழு நாள் தள்ளி வைத்திருக்கிறாள். அறை முழுக்க ஆட்கள் இருக்கும்போது அந்தப் பதில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவளால் நாற்காலி நாற்காலியாகக் கற்பனை செய்ய முடிந்தது. இத்தனை வருடம் அவள் செய்துவந்த வேலையே அதுதானே.

மறுநாள் காலை ஐந்தாம் அறையில் சுவரோரமாகப் பயணப் பெட்டிகள் வரிசையாக நின்றன. பெட்டிகளின் எண்ணிக்கை ஆட்களைவிட அதிகம். சொந்தக்காரர்கள் வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச வேண்டிய நால்வரில் இரண்டு பேர் வரவில்லை. அமர்வுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, வாசலைப் பார்த்து, மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். தேர்வாளர்களில் இருவர் விடியலிலேயே விமான நிலையம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

ஐஸ்காரி பேச எழுந்தபோது, அந்த நரைத்த அம்மாள் தோளில் பையோடு வந்து கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐஸ்காரி நூறு பேருக்குப் பேசுவது போலத்தான் பேசினாள். ஐஸ் கட்டி எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரை எவ்வளவு குளிர வைத்தாலும் சீக்கிரம் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை இறக்குவார்கள். பெட்டித் தண்ணீர் சுவரிலிருந்து உள்பக்கமாக உறைந்துகொண்டே போகும். உறையும்போது தண்ணீர் தன்னிலுள்ள அழுக்கையெல்லாம் உள்ளே தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் நடுவில் மிஞ்சுகிற ஒரு கை தண்ணீரில் அத்தனை கசடும் வந்து சேரும். தேர்ந்த மெக்கானிக் அதைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, சுத்தத் தண்ணீர் ஊற்றுவான். பெட்டி மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும், கவிழ்த்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வருவதற்கு. அந்தச் சரிவு எவ்வளவு என்பதை மெக்கானிக் புத்தகத்தில் படிப்பதில்லை, தன் அப்பன் கையிலிருந்து கற்கிறான்.

"அந்தச் சரிவைத்தான் நான் அளந்தேன்," என்றாள்.

அந்த அம்மாள் முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். சரியாக அந்த இடத்தில் அவருடைய கைபேசி அதிர்ந்தது. கார் வந்துவிட்டது போலும். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார். மறுபடி அதிர்ந்தது. எழுந்து, மன்னிக்கச் சொல்வது போல நெஞ்சில் கைவைத்து ஐஸ்காரியைப் பார்த்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். மூன்று துறைமுகங்களின் அளவுகள் திரையில் வரிசையாக வந்து நின்றபோது, அதைப் பார்க்க வேண்டியவர் எவரும் அறையில் இல்லை. அண்ணி இருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிவை வாசித்தார்கள். படகு மோட்டார் இளைஞனுக்குக் கிடைத்தது. அவனால் நம்பவே முடியவில்லை. ஐஸ்காரி கைதட்டினாள், பிறகு அவனிடம் போய்க் கைகுலுக்கி, எந்தெந்தத் துறைமுகத்தில் பழைய மோட்டார்கள் இன்னும் கிடக்கின்றன, காவலாளியிடம் எப்படிப் பேசினால் உள்ளே விடுவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது துறைத் தலைவர் தட்டோடு அங்கே வந்தார். நல்ல மனுஷன். ஆறுதல் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தார்.

"மனசுல வெச்சுக்காதம்மா. உன் பேப்பர்தான் மதிப்பெண்ல முதல். நான்கூட இந்தத் தம்பி பேசின இடத்துலதான் உன்னை வைக்கச் சொன்னேன். உங்க அண்ணிதான் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. சொந்தக்காரிங்கறதால ஒரு இம்மி விட்டுக் குடுக்கல. இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆளை எங்க பார்க்க முடியும்?"

இரண்டு அடி தள்ளி அண்ணி நின்றிருந்தாள். ஐஸ்காரி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கு ஒன்று சரியாக வராமல் திரும்பக் கூட்டிப் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள்.

"ஆமா சார்," என்றாள். "எங்கேயும் பார்க்க முடியாது."

ஒரே கட்டடத்துக்குப் போக வேண்டியவர்கள். ஒரே காரில்தான் திரும்பியாக வேண்டும். மாநாட்டு நாட்களுக்காகக் கணவரின் காரை எடுத்து வந்திருந்த அண்ணி ஓட்டினாள். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு ஐஸ்காரி கேட்டாள்.

"சார் சொன்னது நிஜமா அண்ணி?"

"ம்."

"கமிட்டி வெச்சதுன்னு சொன்னீங்க."

"பேச்சு வரும்னு பயந்துட்டேன்," என்றாள் அண்ணி.

"யாருக்கு?"

"உனக்கும்தான். நாளைக்கு எவனாவது, அண்ணி தயவுல வந்தவள்னு உன்னைச் சொல்லிட்டா..."

"என்னைச் சேர்க்காதீங்க அண்ணி. எனக்குப் பேச்சு வந்தா நான் வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். வேலையோட சேர்த்து வாங்கியிருப்பேன்."

முன்னால் ஒரு லாரி திரும்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. வண்டிகள் எல்லாம் நின்றன.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தச் சீட்டு முன்ன பின்ன தெரியாத எவளோ ஒருத்தியோடதா இருந்தா, எங்க வெச்சிருப்பீங்க?"

"ரெண்டாம் நாள் காலையில."

"யோசிக்காம?"

"யோசிக்காம."

ஐஸ்காரி தலையாட்டினாள். ஆய்வில் ஒரு விடை கிடைத்தால் அப்படித்தான் ஆட்டுவாள். "என்னையும் எவளோ ஒருத்தின்னு நினைச்சிருக்கலாம் அண்ணி. அந்த ஒரு நாளைக்கு மட்டும்."

லாரி ஒருவழியாகத் திரும்பிப் போனது. பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் அண்ணி வண்டியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் செய்யாததில்லை. அந்த நரைத்த அம்மாளைத் தொலைபேசியில் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டாம் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய பேச்சு அது," என்றார். அதற்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை. உலகத்தில் எங்கே எந்த ஆய்வுப் பணி அறிவிப்பு வந்தாலும் அண்ணி முதலில் அடியில் போய், தகுதி என்ற வரியைத்தான் பார்ப்பாள். எல்லாவற்றிலும் அதே ஏழு ஆண்டு. சிலவற்றில் ஐந்து. கண்ணில் பட்டதையெல்லாம் ஐஸ்காரிக்கு அனுப்பினாள். "பார்த்தேன் அண்ணி, நன்றி," என்று ஒரு வரி வரும். ஒருநாள் வந்த வரி வேறாக இருந்தது: "இனிமே அனுப்ப வேண்டாம் அண்ணி. ஒவ்வொண்ணையும் திறந்து மூட நேரமாகுது."

ஐஸ்காரி குளிர்பதன வண்டிகளில் மருந்து அனுப்புகிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். எந்த வண்டி எந்த வழியாகப் போனால் மருந்து கெடாமல் போய்ச் சேரும் என்று திட்டம் போடுகிற வேலை. சம்பளம் நன்றாகவே இருந்தது. அந்த வேலையிலும் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தாள். "கடைசியில ஐஸ்காரியை ஐஸ்காரங்களே கொத்திக்கிட்டுப் போயிட்டாங்க," என்றார் பல் மருத்துவர். மாநாட்டுக் கட்டுரைகள் தொகுப்பாக வரும்போது அவளுடையதையும் கேட்டார்கள். நேரமில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டில் எதுவும் மாறவில்லை. அதே அண்ணி, அதே சாப்பாடு, அதே கேலி. ஆய்வைப் பற்றி மட்டும் அவள் அண்ணியிடம் ஒன்றும் கேட்பதில்லை. முன்பெல்லாம் வாரத்துக்கு நான்கு முறை படியிறங்கி வந்து, "அண்ணி, இந்தப் பத்தி சரியா வருதா பாருங்க," என்பாள்.

அடுத்த மாநாடு வந்தது. கமிட்டி கூடியது, இந்தத் தடவை வரைபடத்துக்காரரும் அதில் இருந்தார். வரைபடத்துக்காரர் ஒரு சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, முந்திக்கொண்டு சொன்னார்: "இது என் மாணவியோடது. பேச்சு எதுக்கு, கடைசி நாள்ல எங்கேயாவது தள்ளிடுங்க."

"தள்ள முடியாது," என்றாள் அண்ணி.

"எனக்கு ஆட்சேபணை இல்லீங்க."

"உங்களுக்கு இருக்காது. நீங்க வெளியில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் போன பிறகு அந்தச் சுருக்கத்தை இரண்டு தடவை படித்தாள். ஆற்றுப் படுகைகளை அளந்த பழைய நில அளவைக்காரர்களைப் பற்றியது. நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் காலையில் வைத்தாள். வரைபடத்துக்காரர் திரும்பி வந்து பார்த்துவிட்டு, அடுத்த சுருக்கத்தைக் கையில் எடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மொட்டை மாடியில் துணிக்கொடியில் காய்ந்ததை எடுத்துக்கொண்டிருந்தார்கள் இருவரும். போர்வைகளை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, எதிரும் புதிருமாக நின்று, உதறி, இழுத்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்தார்கள். அண்ணி கமிட்டியில் நடந்ததைச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. சொல்லி முடித்தால் ஏதாவது லேசாகும் என்று நினைத்திருக்கலாம்.

ஐஸ்காரி துணிக் கவ்வியை வாயில் கவ்வியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள்.

"குடுத்து வெச்சவ அந்தப் பொண்ணு," என்றாள். "கமிட்டியில அவளுக்கு அண்ணி இல்ல."

குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை. எப்போதும் கேலி பேசுகிற அதே குரல்தான். உதட்டில் சிரிப்பும் இருந்தது. அண்ணி போர்வையின் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மடிப்பு சரியாக விழ வேண்டுமானால் ஒருவர் நடந்து இன்னொருவரிடம் வர வேண்டும். ஐஸ்காரிதான் நடந்து வந்தாள். கிட்டே வந்து, அண்ணியின் விரல்களிலிருந்து முனைகளை வாங்கி, தன் முனைகளோடு சேர்த்து, மார்பில் வைத்து அழுத்தி நான்காக மடித்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரம். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

ஐஸ்காரி அதற்குள் கொடியின் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அடுத்ததை எடுங்க அண்ணி," என்றாள்.